பாலைவனத்தில் விட்ட பொது இடம், பாக் நீரிணையில் ஏன் இல்லை?

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட ராஜேந்திர சோழனுக்கு பாக் நீரிணையின் இரண்டு கரையும் ஒரே ஆட்சிதான். நடுக்கடலில் கோடு போடும் வேலை ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. 1921 அக்டோபரில் சென்னை மாகாண, இலங்கை அதிகாரிகள் கொழும்பில் பேசினார்கள். (ரெண்டு பேருக்கும் எஜமான் லண்டன்தான்!) கச்சத்தீவு ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தம் என்று சென்னைத் தரப்பு சொன்னது. ஆனாலும் தீவுக்கு 3 மைல் மேற்கே கோடு போட ஒப்புக்கொண்டது. அந்த உடன்பாட்டுக்கு ஒப்புதல் கிடைக்கவே இல்லை. 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைப் பக்கம் போனது. 1976-ல் பரிமாறிய கடிதங்கள், அடுத்த நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று கதவையும் சாத்தின.

கொழும்புப் பேச்சுக்கு அடுத்த ஆண்டு, அரேபியாவின் உகைரில் இதே வேலை நடந்தது. பிரிட்டிஷ் அதிகாரி பெர்சி காக்ஸ் ஈராக், குவைத், நஜ்து எல்லைகளைச் சிவப்புப் பென்சிலால் வரைந்தார். குவைத் நிறைய நிலத்தை இழந்தது, அடாவடிதான். ஆனால் கிணறும் மேய்ச்சலும் தேடி அலையும் பெதுயின் மக்களுக்காக இரண்டு பொதுப் பகுதிகளை விட்டுவைத்தார். அதில் ஒன்றை சவூதியும் குவைத்தும் பின்னாளில் பிரித்துக்கொண்டன. அங்கே எடுக்கும் எண்ணெய் மட்டும் இன்றும் ஆளுக்குப் பாதி.

மீனும் கோடு பார்த்து நீந்துவதில்லை. ‘கச்சத்தீவை மீட்போம்’ என்ற தேர்தல் கோஷத்தைவிட, பொது மீன்பிடிப் பகுதி கேட்பதே உருப்படியான வழி. ஆனால் இழுவைமடியோடு போய்க் கேட்க முடியாது. இலங்கை அதை 2017-லேயே தடைசெய்துவிட்டது. அது கடலடியைச் சுரண்டும்போது வயிற்றில் அடிபடுவது யாழ்ப்பாண மீனவர்கள், அவர்களும் தமிழர்கள்தான். ராமேஸ்வரம் விசைப்படகுகள் அந்த மடியை விடாதவரை, கொழும்பில் டெல்லி என்னத்தைப் பேசும்?