களத்துமேட்டுக் கச்சேரி: உத்தரத்துக்குள்ளே ஒரு நாயனம்

மாசி மாத வெயில் சாயும் நேரம். உளுந்து வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பெரியவர், களத்துமேட்டுப் புங்கமர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். பத்திரிகையும் கையுமாக ஓய்வுபெற்ற வாத்தியார் அங்கே முன்பே இருந்தார். பால் கேனோடு சொசைட்டிக்குக் கிளம்பிய அக்காவும், 'அஞ்சு நிமிஷம்தான்' என்று சொல்லிக்கொண்டே வந்து அமர்ந்தார். அந்த அஞ்சு நிமிஷம் எப்போதும் முக்கால் மணி நேரம் ஆகும் என்பது மூவருக்கும் தெரியும்.

"உளுந்து எப்படிங்க இருக்கு?" என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

"பூவெடுத்திருக்கு சார். ரெண்டு பர்சன்ட் டி.ஏ.பி கரைசல் தெளிக்கணும். முதல் நாளே ஊறவெச்சு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் எடுத்து அடிக்கணும்னு நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க. ஆனா, நாளைக்கு ஆளுங்க எல்லாம் வீடு பிரிக்க வந்துடுவாங்க. தெளிப்பு ஒருநாள் தள்ளித்தான்."

பெரியவரின் தாத்தா கட்டிய ஓட்டு வீடு அது. திருப்பூரில் இருக்கும் மகன், 'ஒழுகுற ஓட்டை மாத்தி மாத்தியே செலவு போகுது. பிரிச்சுட்டு மாடி கட்டிடலாம்' என்று சொல்லிவிட்டார். பழைய மரம் வாங்கும் வியாபாரி வந்து பார்த்து, தூண், உத்தரம், நிலை எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் பேசி, அட்வான்ஸும் கொடுத்துப் போயிருந்தார். காலையில் லாரி வரும்.

"அதுக்குத்தான் உங்க பேத்தி காலையில அழுதுகிட்டே பள்ளிக்கூடம் போச்சா மாமா?" என்று கேட்டார் அக்கா.

"வீட்டுக்காக அழுதா பரவால்லையே. அதுக்கு நாயனம் கத்துக்கணுமாம்! கீபோர்டு கத்துக்கோ, வாங்கித் தாரேன்னு அவ அப்பன் சொல்றான். 'வேணாம், நாயனம்தான்'னு நிக்கிறா. எட்டாவது படிக்கிற பொண்ணு. நம்ம வீட்டுல எவன் நாயனம் ஊதியிருக்கான்? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"ஊர்ல என்ன சொன்னாங்களோ தெரியாது, மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாயம்மா அந்தக் காலத்துலயே நாகஸ்வரத்தைத் தூக்கிக்கிட்டு மேடை ஏறிட்டாங்க" என்றார் வாத்தியார்.

"நாகஸ்வரமா, நாதஸ்வரமா சார்? எது சரி?"

"ரெண்டும் சொல்றாங்க. நம்ம ஊருக்கு நாயனம். சண்டையே இல்லை."

அக்கா சிரித்தார். "மாமா, அது ஊதினா மாடு கூடுதலாப் பால் கறக்குமாம். நெசமா சார்? யாராச்சும் உங்க பத்திரிகைக்குக் கேள்வி எழுதிப் போட்டிருக்காங்களா?"

"நீயே எழுதிப் போடேன்."

"எதுக்கு? எங்க வீட்டு மாடு தினமும் டி.வி சீரியல் பாட்டு கேக்குது. அன்னைக்கும் நாலு லிட்டர், இன்னைக்கும் நாலு லிட்டர்."

அந்த நேரம் பார்த்து, கோயில் நடை திறக்கப் போய்க்கொண்டிருந்த நாயனக்காரர் சைக்கிளை நிறுத்தினார். உறைக்குள் இருந்த நாயனம் கேரியரில் கட்டியிருந்தது.

"வாங்க தம்பி. உங்க பேச்சுதான்" என்றார் பெரியவர். "இந்தத் தை மாசம் எத்தனை முகூர்த்தம்?"

"மூணு அண்ணே. எங்கப்பா காலத்துல தை பொறந்தா வீட்டுக்கு வந்து சாப்பிட நேரம் இருக்காது. இப்ப எல்லாரும் செண்டை மேளம் கேக்குறாங்க. இல்லைன்னா செல்போன்ல கெட்டிமேளம் போட்டுக்கிறாங்க. போன கல்யாணத்துல தாலி கட்டுற நேரத்துல செல்லுல விளம்பரம் வந்துடுச்சு."

எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும், "உங்க பையன் வாசிக்கிறாரா அண்ணே?" என்று கேட்டார் அக்கா.

"அவன் கம்பெனிக்குப் போறான்மா. குறை சொல்லக்கூடாது, பொழப்பு முக்கியம். நான் வாசிச்ச மல்லாரியைப் போன்ல அலாரமா வெச்சிருக்கான். தினம் காலையில அஞ்சு மணிக்கு என்னை அமுக்கி நிறுத்திட்டுத் திரும்பித் தூங்குறான்." சிரித்தபடிதான் சொன்னார். ஆனால், நாலு தலைமுறை வாசிப்பு அவரோடு நிற்கப்போகிறது என்பது மற்றவர்களுக்கும் தெரியும். அதனால், இந்த முறை யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "உங்க வீட்டு மரம் என்ன மரம் அண்ணே?" என்று கேட்டார் நாயனக்காரர்.

"தூணெல்லாம் வேம்பு. நடு உத்தரம் மட்டும் ஏதோ ஆச்சான்னு எங்கப்பா சொல்லுவாரு. கறையான் தொட்டதே இல்லை. ஆணி அடிச்சா ஆணிதான் வளையும்."

நாயனக்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். "ஆச்சாவா? அதை ஒருதடவை பார்த்துடலாமே."

நான்கு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். உத்தரத்தின் முனையில் இருந்து ஒரு சில்லு பெயர்த்தார் பெரியவர். மேலே நூறு வருஷத்துப் புகைக்கரி. உள்ளே கருஞ்சிவப்பாக இருந்தது. நாயனக்காரர் அதை வாங்கி, மாட்டுத் தொட்டித் தண்ணீரில் போட்டார். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

"ஆச்சாதான் அண்ணே. நாயனம் இந்த மரத்துலதான் செய்வாங்க. அதுவும் பச்சை மரம் ஆகாது. கடைஞ்ச பிறகு சுருங்கும், வெடிக்கும், சுருதி நிக்காது. நரசிங்கம்பேட்டைக்காரங்க இதுக்காகவே பழைய வீடு எங்க பிரிக்கிறாங்கன்னு விசாரிச்சுக்கிட்டே இருப்பாங்க. நூறு வருஷம் வெயிலும் புகையும் குடிச்ச மரம்தான் பேசும்."

"நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சுதே" என்றார் வாத்தியார். "நம்ம ஆடுதுறைக்குப் பக்கத்துல இருக்கிற ஊருக்கு."

"ஆமா சார். முன்னாடி திமிரி நாயனம்தான் அதிகம். அளவு குட்டை, சுருதி ஜாஸ்தி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தைக் கையில எடுத்தார். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1950-கள்ல துளைக் கணக்கைத் திருத்திச் செஞ்சு கொடுத்தார். இன்னைக்கு நாங்க வாசிக்கிறது அந்த வழியில வந்ததுதான்."

நாயனத்தை உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். "உடம்பு ஆச்சா. கீழே விரிஞ்சிருக்கிற இந்த அணசு வாகை. வாயில வைக்கிற சீவாளி, காவிரி, கொள்ளிடக் கரையில விளையிற நாணல். கொறுக்கைத் தட்டைன்னு சொல்லுவோம். திருவாவடுதுறையில செய்றாங்க. கூட வாசிக்கிற தவிலுக்குப் பலா மரம்."

"அடடே, அப்ப மொத்தக் கச்சேரியும் வரப்புலயும் வாய்க்கால்லயும் விளைஞ்சதுதான்!" என்றார் அக்கா.

பெரியவர் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கப்பா கல்யாணம் இந்த உத்தரத்துக்குக் கீழதான் நடந்துச்சு."

"அதுக்கு நாயனம் எங்க தாத்தா" என்றார் நாயனக்காரர்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியவர் செல்போனை எடுத்து வியாபாரியைக் கூப்பிட்டார். உத்தரத்தை மட்டும் கொடுப்பதில்லை என்றார். எதிர்முனையில் சத்தம் பெரிதாக இருந்தது. போனை வைத்துவிட்டு, "6,000 குறைப்பேங்கிறான். அதுதான் நல்ல மரமாம். இவ்வளவு நாள் சொல்லலை பாருங்க" என்றார்.

"உங்க பையன் என்ன சொல்லுவார்?"

"கோபப்படுவான். படட்டும். நெலத்தைப் பங்கு பிரிக்கிறப்போ கழிச்சுக்கலாம். அவனுக்கு மாடி வீடு, அவன் மகளுக்கு உத்தரம்." சற்றே தயங்கினார். "தம்பி, நீங்க சொல்லிக் கொடுப்பீங்களா? உங்க வீட்டுப் பிள்ளைக்குச் சொல்றதை வெளிப் பிள்ளைக்கு..."

"கேக்குறதுக்கு ஒரு பிள்ளை இருந்தாப் போதும் அண்ணே. ஆனா, ஒண்ணு. முதல் ஆறு மாசம் ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, மூச்சுப் பழக்கம்தான். தெருவே சண்டைக்கு வரும். தாங்கிக்கணும்."

"மாவட்ட அரசு இசைப்பள்ளியிலயும் நாகஸ்வரம், தவில் எல்லாம் இருக்கு. 3 வருஷச் சான்றிதழ் படிப்பு. 12 வயசுல இருந்து 25 வயசு வரைக்கும் சேரலாம். நாகஸ்வரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும்" என்று வாத்தியார் சொன்னார். "இவர்கிட்ட அடிப்படை கத்துக்கிட்டு, பள்ளிப் படிப்பு முடிஞ்சதும் அங்கே போகட்டும். திருவையாறுல இசைக் கல்லூரியே இருக்கு."

பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி, வாசலில் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து நின்றாள். நாயனக்காரர் சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவைத் திறந்து, ஒரு சீவாளியை எடுத்துக் கழுவி அவளிடம் நீட்டினார். "ஊது பார்ப்போம்."

ஊதினாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை. கன்னம்தான் உப்பியது. பத்தாவது முறையோ பதினோராவது முறையோ, "பீ...ங்" என்று ஒரு கீச்சுக்குரல் கிளம்பித் தெருக்கோடி வரை போனது.

கொட்டகையில் இருந்து கன்றுக்குட்டி, "ம்மா..." என்று பதில் கொடுத்தது.

"சுருதி சேர்ந்துடுச்சு!" என்றார் நாயனக்காரர்.

"ஐயையோ, சொசைட்டி மூடியிருப்பாங்களே!" என்று கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார் அக்கா. பெரியவர், டி.ஏ.பியை இன்று ராத்திரியே ஊறவைத்துவிடலாமா என்று வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டே நடந்தார். பின்னால் இன்னொரு "பீ...ங்" கேட்டது. இந்த முறை கொஞ்சம் நீளமாக.