ஆலை மூடப்பட்டது, உடலின் கணக்கு மூடப்படவில்லை

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையைத் திறக்கக் கோரிய வேதாந்தா நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களைப் பறிகொடுத்த ஊருக்கு அது ஓர் ஆறுதல். ஆலையின் வழக்கு முடிந்திருக்கலாம். 1996 முதல் அங்கே உழைத்தவர்கள், சுற்றி வாழ்ந்தவர்கள் ஆகியோரின் உடலைப் பற்றிய கேள்வி முடியவில்லை.

தாமிரத் தாதுவில் தாமிரம் மட்டும் இருப்பதில்லை. ஆர்சனிக், காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களும் கலந்திருக்கும். 2018 ஏப்ரலில் ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்த மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன காரணங்களில் இரண்டை நினைவில் வைக்க வேண்டும். உப்பாற்றின் ஓரம் கொட்டிய தாமிரக் கசடு அகற்றப்படவில்லை. காற்றில் ஆர்சனிக் போன்ற உலோகங்களின் அளவு முறையாகப் பரிசோதிக்கப்படவில்லை.

இந்த உலோகங்களில் காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். உள்ளே சேர்ந்தது பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஆலையின் புகை 2018-இல் நின்றாலும் உடலுக்குள் போனது இன்னும் அங்கேயே இருக்கலாம்.

நம் குடும்பங்களில் "கிட்னி டெஸ்ட்" என்றால் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பதுதான். சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறைய பாதி குறைந்த பிறகே அந்த எண் தெளிவாக ஏறும். காட்மியம் முதலில் கெடுப்பது வடிகட்டியை அல்ல, அதை அடுத்துள்ள நுண்குழாய்களை. வடிகட்டியைத் தாண்டி வரும் சிறு புரதங்களை மீட்டு உடலுக்குத் திருப்பித் தருவது அவற்றின் பணி. அவை பழுதானால் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் சிறுநீரில் வெளியேறும். நுண்குழாயின் செல்கள் சிதைந்தால் என்.ஏ.ஜி. என்ற நொதியும் கூடும். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை பெரும்பாலும் அல்புமினைத்தான் காட்டும்; இந்தச் சிறு புரதத்தைத் தவறவிட்டுவிடும். ஆகவே "ரிப்போர்ட் நார்மல்" என்பது முழுப் பதில் ஆகாது.

இது புதிய அறிவும் அல்ல. ஜப்பானின் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவின் காட்மியம் கலந்து, அரிசி வழியாக மக்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் உருக்கியது. 1968-இல் அரசே அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. அமெரிக்காவில் காட்மியத்தோடு வேலை செய்வோருக்குச் சிறுநீரில் பீட்டா-2 அளவைப் பார்ப்பது 1992 முதல் விதி.

எச்சரிக்கையும் தேவை. சர்க்கரை நோய், சில மருந்துகள், காய்ச்சல் ஆகியவையும் இந்த அளவுகளைக் கூட்டும். ஆர்சனிக் பரிசோதனைக்கு முன் சில நாட்கள் மீனை நிறுத்த வேண்டும்; மீனிலுள்ள தீங்கற்ற ஆர்சனிக்கும் கணக்கில் ஏறிவிடும். கடலோர மக்கள் இதை அறிந்திருப்பது அவசியம். ஒருவரின் ஒரு முடிவை வைத்து எந்த ஆலையையும் குற்றம் சாட்டவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

எனவே இது அரசு செய்ய வேண்டிய வேலை. ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள், ஒப்பந்தக் கூலிகள், துறைமுகத்தில் தாது இறக்கியவர்கள், கசடு ஏற்றிய லாரிக்காரர்கள், சுற்றுக் கிராம மக்கள் ஆகியோருக்கு இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். தொலைவிலுள்ள ஒரு கிராமத்திலும் செய்து ஒப்பிட வேண்டும். முடிவை அவரவர் கையில் கொடுக்க வேண்டும். ஆலை வேண்டும் என்போருக்கும் வேண்டாம் என்போருக்கும் இதில் நஷ்டமில்லை. பாதிப்பு இல்லையென்றால் அச்சம் தீரும். இருந்தால் டயாலிசிஸ் வரை போகாமல் காக்க வழி பிறக்கும்.

சிறுநீர் நஜீஸ் என்று கழுவிவிடக் கற்ற நாம், அதைப் பார்த்து நோயறியும் கலையை இப்னு சீனா தம் மருத்துவ நூலில் விரிவாக எழுதியதையும் அறிவோம். தீங்கை அகற்றுவது கடமை, நன்மையைத் தேடுவதைவிடத் தீமையைத் தடுப்பது முந்தியது என்பவை ஃபிக்ஹின் அடிப்படை விதிகள். தீங்கு எங்கே இருக்கிறது என்று அறியாமல் அதை எப்படி அகற்றுவது?

மாவட்டத்து ஜமாஅத்துகள் தத்தம் முஹல்லாவில் இத்தகைய வேலை செய்தவர்களின் பட்டியலை எடுக்கட்டும். மற்றச் சமுதாயத்தாரோடு சேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கட்டும். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதன் கணக்கைக் கேட்கும் பொறுப்பு நம் அனைவருக்கும் உண்டு.