ஹாலிவுட்டே, 2020இல் கொடுத்த வாக்கு எங்கே?

2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரத் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் ஒரு காவலரின் முழங்காலுக்கடியில் மூச்சுத் திணறி இறந்தார். அடுத்த சில வாரங்களில் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் போட்டி போட்டுக்கொண்டு அறிக்கை விட்டன. வெள்ளையரல்லாத கலைஞர்களுக்கு இழைத்த அநீதியைச் சரிசெய்வோம், எழுத்தாளர் அறையிலும் இயக்குநர் நாற்காலியிலும் அவர்களுக்கு இடம் தருவோம், அதைக் கண்காணிக்கத் தனி அதிகாரிகளை வைப்போம் என்றன. உலகம் அந்த வார்த்தைகளை நம்பியது. ஐந்தாண்டு கழிவதற்குள் அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. இந்த வாக்குத் தவறலை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

2023 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ், டிஸ்னி, வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி, ஆஸ்கர் வழங்கும் அகாடமி ஆகிய நான்கு இடங்களிலும் இந்தப் பன்மைத்துவப் பணிக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் வெளியேறும் செய்தி சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்தது. நால்வரும் கறுப்பினப் பெண்கள். 2025 பிப்ரவரியில் டிஸ்னி, தன் உயரதிகாரிகளின் ஊக்கத்தொகையைக் கணக்கிடும் அளவுகோல்களிலிருந்து பன்மைத்துவத்தை நீக்கியது. அதே மாதம் பாரமவுண்ட், வேலைக்கு ஆள் எடுப்பதில் வைத்திருந்த எண்ணிக்கை இலக்குகளைக் கைவிட்டது. அந்த நிறுவனத்தை வாங்க வந்த ஸ்கைடான்ஸ், அரசின் ஒப்புதலைப் பெறுவதற்காக, இத்தகைய திட்டம் எதுவும் தன்னிடம் இருக்காது என்று ஜூலையில் எழுதியே கொடுத்தது.

வாஷிங்டனில் ஆட்சி மாறிவிட்டது, நாங்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நெருக்கடி இருப்பது உண்மை. இத்தகைய திட்டங்களுக்காகக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் டிஸ்னி மீது விசாரணையே தொடங்கியது. ஆனால் அந்த நான்கு பெண்களும் வெளியேறிய 2023இல் வெள்ளை மாளிகையில் இருந்தவர் பைடன். அப்போது யார் மிரட்டினார்கள்? பின்வாங்கும் முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கான சாக்கு பின்னால் வந்து சேர்ந்தது.

விளைவு திரையில் தெரிகிறது. அமெரிக்க மக்களில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் வெள்ளையரல்லாதவர். 2024இல் திரையரங்குகளுக்கு வந்த முன்னணி ஆங்கிலப் படங்களில் அவர்கள் முதன்மைப் பாத்திரம் ஏற்றவை நான்கில் ஒரு பங்கு மட்டுமே என்கிறது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகம் ஆண்டுதோறும் வெளியிடும் ஆய்வு. முந்தைய ஆண்டில் இது 29 விழுக்காடாக இருந்தது. ஏறிக்கொண்டிருந்த எண் இறங்கத் தொடங்கிவிட்டது.

இதற்கு ஸ்டூடியோக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் காரணம் வியாபாரம். கறுப்பினக் கதை விலை போகாது, வெளிநாட்டில் ஓடாது என்பார்கள். ஆனால் 2017இல் கறுப்பின இயக்குநர் ஜோர்டன் பீல் 45 லட்சம் டாலரில் எடுத்த ‘கெட் அவுட்’ 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அடுத்த ஆண்டு ‘பிளாக் பேந்தர்’ உலகெங்கும் 130 கோடி டாலரைத் தாண்டியது. கறுப்பினத்தவருக்குப் போட்டிருக்கும் தடைகளால் அமெரிக்கத் திரை, தொலைக்காட்சித் துறை ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் வருமானத்தை இழக்கிறது என்று 2021இல் கணக்குப் போட்டுக் காட்டியது மெக்கின்சி. அது லாப நட்டம் பார்க்கும் ஆலோசனை நிறுவனம். போராட்டக் குழு அல்ல.

இத்தனைக்கும் பிறகு 2025 ஏப்ரலில் என்ன நடந்தது என்று பாருங்கள். ரயன் கூக்லர் எழுதி இயக்கிய ‘சின்னர்ஸ்’ வெளிவந்தது. 1932ஆம் ஆண்டின் மிசிசிப்பி, புளூஸ் இசை, இரத்தக் காட்டேரிகள், இரட்டை வேடத்தில் மைக்கேல் பி. ஜோர்டன். வேறெந்தப் படத்தின் தொடர்ச்சியும் அல்ல, முழுக்க முழுக்கப் புதிய கதை. முதல் வார இறுதியிலேயே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அப்படியொரு தொடக்கத்தைப் பார்த்த பிறகும் அமெரிக்கச் சினிமா வணிகப் பத்திரிகைகள், போட்ட பணம் திரும்புமா என்ற கவலையைத்தான் முன்னே வைத்தன. அவை கவலைப்பட்ட அந்தப் படம் இரண்டாம் வாரத்திலும் பெரிதாகச் சரியவில்லை. 9 கோடி டாலருக்கும் மேல் செலவான படம் கடைசியில் 36 கோடி டாலரைத் தாண்டியது.

அதைவிடக் கொதிப்பூட்டியது கூக்லருடைய ஒப்பந்தம் பற்றி எழுந்த கூச்சல். 25 ஆண்டுகளுக்குப் பிறகு படத்தின் உரிமை தன்னிடம் திரும்ப வர வேண்டும் என்று அவர் கேட்டுப் பெற்றிருந்தார். வெள்ளைக்காரர்களின் நிலத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் தங்களுக்கென்று ஓர் இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் கதையை எடுத்தவர், அந்தப் படத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள நினைத்தது இயல்பு. உடனே பெயர் சொல்ல விரும்பாத ஸ்டூடியோ அதிகாரிகள், இது ஆபத்தான முன்னுதாரணம், ஸ்டூடியோ அமைப்பையே குலைத்துவிடும் என்று பத்திரிகைகளிடம் புலம்பினார்கள். வெள்ளையின இயக்குநர் குவென்டின் டரன்டினோ இதே வகை ஒப்பந்தம் பெற்றபோது எந்த அமைப்பும் குலையவில்லை. தொடர்ந்து நான்கு படங்களை வெற்றியாக்கிக் காட்டிய ஒரு கறுப்பின இயக்குநர் கேட்டதும் வானம் இடிந்து விழுகிறதா? பெயரை மறைத்துக்கொண்டு பேசிய அந்த அதிகாரிகள்தான் எந்தப் படத்துக்குப் பணம் போடுவது என்று முடிவு செய்பவர்கள். இனப்பாகுபாடு குடியிருப்பது அவர்கள் முடிவெடுக்கும் அந்த அறையில்.

அந்த அறையின் தர்க்கத்தை எழுத்தாளர் அடீல் லிம்முக்கு நேர்ந்தது அப்பட்டமாகக் காட்டுகிறது. ‘தி ஜாய் லக் கிளப்’ வந்து 25 ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் ஆசிய நடிகர்களையே கொண்டு ஒரு பெரிய ஸ்டூடியோ எடுத்த படம் ‘கிரேசி ரிச் ஏஷியன்ஸ்’. 2018இல் பெருவெற்றி பெற்றது. திரைக்கதையை எழுதிய இருவரில் லிம் மலேசியாவில் பிறந்தவர். அந்தக் குடும்பங்களையும் சாப்பாட்டு மேசைகளையும் உள்ளிருந்து அறிந்தவர். அடுத்த பாகத்துக்கு உடன் எழுதிய வெள்ளையருக்கு 8 லட்சம் டாலருக்குக் குறையாமல் பேசப்பட்டது. இவருக்கு 1,10,000 டாலரிலிருந்து தொடங்கினார்கள் என்று ‘ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ இதழ் எழுதியது. கேட்டதற்கு, சம்பளம் அனுபவத்தைப் பொறுத்தது, இது துறை வழக்கம் என்று பதில் வந்தது. லிம் விலகினார். பின்னர் சக எழுத்தாளர் தன் பங்கைப் பகிர முன்வந்தார். ஒருவரின் பெருந்தன்மையால் நியாயம் கிடைக்க வேண்டியதில்லை என்று லிம் மறுத்தார்.

அனுபவம் என்கிறார்களே, அது எங்கிருந்து வரும்? கால் நூற்றாண்டாக ஆசியக் கதைக்குப் படம் தரத் தயங்கியவர்கள், உனக்குப் பட அனுபவம் போதாது என்று சம்பளத்தை வெட்டுகிறார்கள். வேலை கேட்டு வருபவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று 2018 முதல் கலிபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. பழைய அநீதி புதிய சம்பளத்தில் தொடரக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்த நோக்கத்தைத் துறை வழக்கம் என்ற பெயரால் மிதிக்கிறார்கள்.

அகாடமியும் கைகழுவ முடியாது. 1937இல் வெளிவந்த ‘தி குட் எர்த்’ படத்தின் சீனக் குடியானவப் பெண் வேடம், லாஸ் ஏஞ்சலிஸிலேயே பிறந்து வளர்ந்த சீன வம்சாவளி நட்சத்திரம் ஆன்னா மே வாங்குக்குத் தரப்படவில்லை. ஐரோப்பிய நடிகை லூயிஸ் ரைனருக்குப் போனது, அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. 1940இல் ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினத்தவரான ஹேட்டி மெக்டேனியலை விழா அரங்கில் சுவரோரத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். பழங்கதை என்று இவற்றைத் தள்ள வழியில்லை. 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போயின. 2025 வரை நடந்த 97 விழாக்களில் சிறந்த இயக்குநர் விருது ஒரு கறுப்பினத்தவருக்கும் தரப்படவில்லை.

இதற்குப் பரிகாரமாக 2020இல் அகாடமி அறிவித்து 2024 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தகுதி விதிகளில் பெரிய ஓட்டை இருக்கிறது. சிறந்த படத்துக்குப் போட்டியிட நான்கு நெறிகளில் இரண்டை நிறைவேற்றினால் போதும். வெள்ளையரல்லாதவருக்குச் சம்பளத்தோடு பயிற்சி இடங்கள் கொடுத்து, விளம்பர, விநியோகப் பிரிவுகளின் மேல் பொறுப்பில் அவர்களில் சிலரைக் காட்டினால் இரண்டும் முடிந்துவிடும். திரையிலும் திரைக்குப் பின்னாலும் படைப்புப் பொறுப்பில் வெள்ளையரைத் தவிர ஒருவருமில்லாத படம்கூட இப்படித் தேறிவிடலாம்.

தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்ற பல்லவியை இனி யாரும் பாட வேண்டாம். ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரின் நாயகியைத் தேடிப் பொது அழைப்பு விடுத்தபோது 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர் கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். அப்போது பள்ளிப் படிப்பை முடித்திருந்த அவருக்குத் தொழில்முறை நடிப்பு அனுபவமே கிடையாது. நான்கு பருவங்களையும் அவர் தோளில் சுமந்தார்.

ஆகவே ஸ்டூடியோக்கள் உடனடியாகச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. எந்த இனத்தவரின் படத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினோம், எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் நடிகருக்கும் எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். கணக்கை வெளியிட எந்த ஆட்சியும் தடை போடவில்லை. உயரதிகாரிகளின் ஊக்கத்தொகையை அந்தக் கணக்கோடு மறுபடியும் இணைக்க வேண்டும். ஒரே திரைக்கதைக்கு உழைத்தவர்களுக்கு ஒரே அளவில் சம்பளம் பேச வேண்டும். திரையில் தோன்றுவோர், படைப்புப் பொறுப்பில் இருப்போர் ஆகிய இரு நெறிகளில் ஒன்றையாவது அகாடமி கட்டாயமாக்க வேண்டும்; அடுத்த விழாவுக்கான படங்களை ஏற்கத் தொடங்கும் முன்பே அந்தத் திருத்தம் அறிவிக்கப்பட்டாக வேண்டும்.