தோள் நோவுக்கு வீரமென்று பெயரா?

“எங்கள் காலத்தில் 303 துவக்கைத் தோளில் வைத்துச் சுட்டோம், முனகினோமா? இக்காலப் பிள்ளைகள் வெண்ணெய்க் கட்டிகள்!” என்று மார்தட்டும் பெரியோர் யாழ்ப்பாணத்தில் இன்றும் உளர். நாமும் 1960களில் அதே துவக்கைச் சுட்டவர்களே. ஆதலால் உண்மையைக் கூறும் உரிமை நமக்குண்டு. நாம் முனகினோம், இரவில், போர்வைக்குள், அருகில் படுத்தவன் அறியாவண்ணம் முனகினோம்.

பதினாறு வயதில், மலைநாட்டில் நடந்த மாணவர் படைப் பாசறையொன்றில் முதல் வெடி தீர்த்தோம். தோள் கன்றிக் கருநீலமாயிற்று. காது இரண்டு நாள் இரைந்தது. பயிற்றியவரோ, “பனங்கிழங்கு தின்ற உடம்புக்கு இவ்வளவுதானா வலு?” என்று நகைத்தார். அந்த நகைப்பையே இப்பெரியோர் இன்று பேரப்பிள்ளைகளுக்கு முதுசமாக வழங்குகின்றனர்.

துவக்கு உதைப்பது ஆளின் கோழைத்தனத்தால் அன்று, கணக்கினால். நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்த எந்த மாணவனும் இதை அறிவான். பதினொரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட சன்னம் விநாடிக்கு ஏறத்தாழ 740 மீற்றர் வேகத்தில் முன்னே பாய்கிறது. அதன் பின்னே மருந்தின் புகையும் சீறுகிறது. ஆகவே நான்கு கிலோகிராம் எடையுள்ள துவக்கு விநாடிக்கு 2 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் தோளை நோக்கித் திரும்புகிறது. அடிப்பிடியின் முனையில் இருப்பதோ பித்தளைத் தகடு. எடை குறையின் உதை கூடும். காட்டுப் போருக்கென 1944 முதல் ஆக்கப்பட்ட குறுந்துவக்குக்கு இறப்பர் அணை பொருத்தியும் அதன் உதை பேர்பெற்றதாகவே இருந்தது.

இத்துவக்கை ஆக்கிய பிரித்தானியரே வளர்ந்த போர்வீரரின் உடலுக்கேற்ப அடிப்பிடியை நான்கு நீளங்களில் செய்தனர். புதியவர்கள் பழகுவதற்கென உதை மிகச் சிறிதான 22 துவக்கையும் வைத்திருந்தனர். நமக்கோ கைக்கு அகப்பட்டது கொடுக்கப்பட்டது! அடிப்பிடியைத் தோட்குழியில் இறுக்கி அணைக்க வேண்டும். இடைவெளி விட்டால் உதை அடியாக மாறும். இந்த ஒரு பாடத்தையேனும் முன்னர் சொல்லியிருக்கலாகாதா?

வலியால் குறி வந்ததா? அதுவும் இல்லை. உதைக்கு அஞ்சிய கண் வெடிக்குமுன்னே மூடுகிறது. விரல் விசையை வெடுக்கென இழுக்கிறது. சன்னம் மண்ணைத் துளைக்கிறது. தோள் ஆறிவிடும். 140 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையால் கெட்ட செவியோ மீளாது. நம் வயதொத்தோர் பலர் இன்று கையைக் காதில் குவித்துக் கேட்பதன் காரணத்தை வைத்தியர்கள் வெளிப்படக் கூறட்டும்.

கன்றின் கழுத்தில் நுகத்தை ஏற்றி, அது தள்ளாடக் கண்டு சிரிப்பவனைக் கமக்காரன் என்று நம் ஊர் ஒப்புமா? மாட்டுக்குக் காட்டும் நீதியை மாணவனுக்குக் காட்ட மறுப்பதேன்?

வீரம் எதுவென்று யாழ்ப்பாணத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டு கச்சேரி வாயிலில் வெறுங்கையுடன் அறப்போரில் அமர்ந்தவர்கள், ஏப்ரலில் படை வந்தபோது துவக்கின் அடிப்பிடியை முதுகில் ஏற்றனர். அவர்கள் ஒரு வெடியேனும் தீர்த்தவர்கள் அல்லர். அவர்களைக் கோழைகள் என்பாரும் உண்டோ?

பெரியோரே! பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள், மறுக்கவில்லை. ஆனால் தோள் கன்றியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோவை மறைத்தவன் வீரனல்லன். தான் பட்ட நோவு அடுத்தவனுக்கு வராமற் காப்பவனே வீரன்.