மிஸ்ஸி செய்வதும் சிகிச்சைதான்

பக்கவாதம் வந்து மறுவாழ்வு வார்டில் இருப்பவருக்கு இயன்மருத்துவர் ஒரு மணி நேரம் பயிற்சி தருவார். பேச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி எல்லாம் சேர்த்தாலும் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் கட்டிலில், சக்கர நாற்காலியில், கழிவறையில். அந்த நேரத்துக்குப் பொறுப்பு தாதி. நம் ஆட்கள் வாயில் ‘மிஸ்ஸி’. அவர் செய்வதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘பார்த்துக்கொள்வது’. ஆள் போடும்போதும் சம்பளம் பேசும்போதும் அதே நினைப்புதான். இந்தக் கணக்கு தப்பு.

காலை உணவு நேரத்தில் வார்டுக்குப் போய்ப் பாருங்கள். மூளையின் வலப்பக்கம் அடிபட்ட ஒருவர் தட்டின் வலப்பாதியை மட்டும் துடைத்தாற்போல் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பார். பசியில்லை போலும் என்று வீட்டார் நினைப்பார்கள். கண்ணில் கோளாறு இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்க மறந்துவிட்டது. தட்டைத் திருப்பி வைத்தால் ஒரு நொடியில் வேலை முடிந்தது. தேர்ந்த தாதி திருப்ப மாட்டார். இடப்பக்கம் போய் நின்று, “அங்கிள், இந்தப் பக்கம் பாருங்க, இன்னும் ஒரு இட்லி இருக்கு” என்பார். தலை திரும்பும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் சிகிச்சை. பல கட்டில்களுக்கு ஒருவர் என்றால் காத்திருக்க நேரம் ஏது? ஊட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவார். நோயாளியின் வயிறு நிறையும், மூளை எதையும் கற்காது.

தாதியர் கவனிப்பின் பலனை அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011இல் லான்செட் இதழில் வந்தது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் தாதியர் ஒழுங்காகக் கவனித்த பிரிவுகளில், 90 நாள் கழித்து இறந்தவர்களும் இயலாமையோடு இருந்தவர்களும் 42 விழுக்காடு. மற்றப் பிரிவுகளில் 58. புது மருந்து எதுவும் இல்லை. நம் வீடுகளில் படுத்திருப்பவர் வாயிலேயே கஞ்சியை ஊற்றுகிறோமே, அது நுரையீரலுக்குப் போகாமல் தடுப்பதும் அந்த மூன்றில் ஒன்று.

மலேசிய மருத்துவமனைகளும் பங்கேற்ற இன்னோர் ஆய்வு 2015இல் வந்தது; 2,104 நோயாளிகள். முதல் நாளிலேயே அதிகமாக எழுப்பி நடமாட வைத்தவர்கள் தேறியது குறைவு. எண்களை மேலும் அலசியபோது, கொஞ்ச நேரமாகப் பலமுறை எழுப்புவதே நல்லது என்று தெரிந்தது. நாளெல்லாம் பக்கத்தில் இருப்பவரால்தான் அது முடியும்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் தமிழ், வேலையிடத்தில் மலாய், கொஞ்சம் ஆங்கிலம் என்று வாழ்ந்தவருக்குப் பேச்சு போனால் எது முதலில் திரும்பும்? தாய்மொழி என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ. அதிகம் புழங்கிய மொழி என்றார் பிரெஞ்சு மருத்துவர் பிட்ரே, 1895இல். எல்லாருக்கும் பொருந்தும் விதி இன்றுவரை இல்லை. மலாயில் நடந்த சோதனையில் வாயே திறக்காத கிள்ளான் தாத்தா, இரவில் தமிழ்த் தாதி “ஐயா, ஒண்ணுக்குப் போகணுமா?” என்றதும் “ஆமாம்மா” என்று சொல்லிவிடலாம். தாதி அதைக் குறித்து வைக்காவிட்டால் பகலில் வரும் பேச்சுப் பயிற்சியாளருக்கு அது தெரியவே தெரியாது. வேலை நியமனத்தில் இந்தத் தமிழுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்பேன்.

செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை 2012இல் திறந்தது. மலாக்காவில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்குகிறது. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996இல் தொடங்கிய நாசாம் என்ற தேசியப் பக்கவாதச் சங்கம் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. கட்டடங்களுக்குக் குறை சொல்ல மாட்டேன். பழகிய கை நிலைப்பதில்தான் சிக்கல். நீண்ட காலம் நிலைக்கும் தாதிக்கு 20 ஆண்டில் ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளிவரை தருவதாக சிங்கப்பூர் 2024இல் அறிவித்தது. அதே ஆண்டில் இங்கே நடந்த பேச்சு, தாதியரின் வாரம் 42 மணி நேர வேலையை 45 ஆக்குவது பற்றி. எதிர்ப்பு கிளம்பியதால் டிசம்பர் 1இல் தொடங்கவிருந்தது தள்ளிப்போனது. ஜொகூர் பாரு பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர்தான், யார் போகமாட்டார்?

நரம்பியல் மறுவாழ்வில் தேறிய தாதியை ஆள் பற்றாக்குறை என்று வேறு வார்டுக்கு மாற்றுவதை அமைச்சு நிறுத்த வேண்டும். அந்தத் திறமைக்குத் தனிப் படிநிலையும் தனிப் படியும் வேண்டும்.

வீட்டாருக்கும் ஒன்று. பிரிக்பீல்ட்ஸ் உருவிவிடும் கடைகளுக்குப் பேர்போன இடம். ஆனால் உருவிவிடுகிறேன் என்று பக்கவாதத்தில் தொங்கும் தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகலாம், வலி நிலைத்துவிடலாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அதே கேடுதான். ஆகவே வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளில் மட்டும் வராதீர்கள். அதற்கு முன் ஒருநாள் லீவு போட்டு வார்டுக்குப் போங்கள். தூக்குவது, புரட்டுவது, ஊட்டுவது மூன்றையும் மிஸ்ஸி முன்னால் நீங்களே செய்து காட்டுங்கள். தப்பென்றால் அவர் அங்கேயே திருத்துவார்.