சரக்கு வரும் வழியைச் சீர்செய்வோம்

கொள்முதல் விலையில் ஐம்பது காசு குறைப்பதற்காக நாம் அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். அதே சரக்கு கடை வாசலில் வந்து இறங்குவதற்குள் வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று கிலோவுக்கு எத்தனை ரூபாய் போகிறது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. வாங்குவதையும் விற்பதையும் கணக்கில் எழுதுகிறோம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வழியை மட்டும் வண்டிக்காரரிடம் விட்டுவிடுகிறோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார வணிகர்கள் இனியும் இப்படி இருக்க முடியாது என்பதே நமது கருத்து.

ஊரடங்கு கற்பித்த பாடம்

1996ஆம் ஆண்டு கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. ஜார்ஜ் டவுனின் நெரிசலில் சிக்கித் தவித்த மேற்குப் புறநகர்க் கடைக்காரர்களுக்கு அது பெரும் நன்மையாக அமைந்தது. விடியற்காலையில் புறப்பட்டுப் போய்ச் சரக்கு எடுத்து, கடை திறக்கும் நேரத்துக்குள் திரும்பிவிட முடிந்தது. அந்த வசதிக்குப் பழகியபின், வேறு வழி என்ற ஒன்றை நாம் யோசிக்கவே இல்லை.

2020 மே 5ஆம் தேதி, கொரோனா தொற்று காரணமாகக் கோயம்பேடு அங்காடி மூடப்பட்டது. சில நாட்களில் காய்கறி மொத்த விற்பனைக்குத் திருமழிசையில் தற்காலிக இடம் தரப்பட்டது. கோயம்பேட்டில் கடை வைத்திருந்தவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே அங்கு இடம் கிடைத்தது. மழை பெய்தால் தண்ணீரும் சேறுமாகிவிடும். செப்டம்பர் 28ஆம் தேதி கோயம்பேட்டில் காய்கறி வியாபாரம் மீண்டும் தொடங்கும் வரை, நாலரை மாதங்களுக்கு மேல் இந்த நிலை நீடித்தது.

பூந்தமல்லிக் கடைக்காரருக்குத் திருமழிசை கூப்பிடு தூரம். அம்பத்தூர்க்காரரோ வானகரம் வழியாகவோ ஆவடி வழியாகவோ சுற்றிப் போக வேண்டியிருந்தது. சரக்கு புறப்படும் இடம் மாறியவுடன், ஒருவருக்கு வழி சுருங்கியது, இன்னொருவருக்கு நீண்டது. ஒரே மண்டியையும் ஒரே வண்டியையும் நம்பியிருந்தவர்கள் தடுமாறினார்கள். இரண்டு மூன்று இடங்களில் பழக்கமும் பற்று வரவும் வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள்.

தொற்று போய்விட்டது, இனி எதற்கு அந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்ததை மறந்துவிட முடியுமா? கிடங்கு தண்ணீரில் நின்றால், அந்தக் கிடங்கை நம்பிய கடைகள் அனைத்தும் நிற்கும். காரணம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். வழி அடைபடுவது மட்டும் திரும்பத் திரும்ப நடக்கும்.

ஒரு தாளில் எழுதுங்கள்

ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு தொடர்புகள் இருக்கின்றன. சரக்கு தருபவரிடமிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து கடைக்கு, சரக்கு தருபவரிடமிருந்து நேரே கடைக்கு, கடையிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கு. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்தச் சரக்கு, எங்கிருந்து, எந்தக் கிழமை, யாருடைய வண்டியில், என்ன கூலிக்கு வருகிறது என்பதையும், அந்த வழி அடைபட்டால் அடுத்த வழி எது என்பதையும் குறியுங்கள். அரிசிக்குச் செங்குன்றம், மளிகைக்குப் பாரிமுனை வட்டாரம், காய்கறிக்குக் கோயம்பேடு என்று எழுதிக்கொண்டே போனால், தேவையில்லாத சுற்று எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஆலையிலிருந்து எண்ணெய் ஆவடிக் கிடங்கில் இறங்கி, இரண்டு நாள் கழித்து அதே எண்ணெய் பூந்தமல்லிக் கடைக்கு ஏறுகிறது என்றால், ஒரு ஏற்றுக்கூலியும் ஒரு இறக்குக்கூலியும் வீண்தானே? பூந்தமல்லிக்கு உரிய பங்கை நேரே அங்கேயே இறக்கச் சொல்லலாம். மெதுவாக விற்கும் சரக்கு கிடங்கில் இருக்கட்டும். தினமும் ஓடும் சரக்கு நேரே கடைக்கு வரட்டும்.

பெரிய நிறுவனங்கள் செய்வதும் இதைத்தான். பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியும், வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலையை ஒட்டியும் நம் கண்ணெதிரிலேயே அவர்களுடைய கிடங்குகள் எழுந்துள்ளன. எந்தக் கடைக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்பது அங்கே முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. மொத்தமாக வாங்கும் விலையில் அவர்களோடு போட்டியிடுவது நமக்குக் கடினம். வண்டிக் கூலியில் போட்டியிட முடியும்.

மூன்று கடை, ஒரு வண்டி

ஒரு குட்டி யானை வண்டிக்கு ஒரு நடைக்கு 1,200 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடைக்காரர் 250 கிலோ சரக்கு ஏற்றினால் கிலோவுக்கு 4 ரூபாய் 80 காசு ஆகிறது. ஒரே சாலையில் உள்ள மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து 750 கிலோ ஏற்றி, கூடுதலாக நிற்பதற்கு 300 ரூபாய் சேர்த்துக் கொடுத்தாலும் கிலோவுக்கு 2 ரூபாய்தான். கடை ஒன்றுக்கு ஒரு நடைக்கு 700 ரூபாய் மிச்சம். வாரம் மூன்று நடை என்றால் நான்கு வாரத்தில் 8,400 ரூபாய். வெங்காயத்திலும் தக்காளியிலும் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் லாபம் பார்க்கும் கடைக்கு இது சிறு தொகையா?

“என் கொள்முதல் பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுமே” என்ற தயக்கம் இருக்கிறது. நியாயமானதுதான். ஆனால் மூட்டையைப் பார்த்தால் எடை தெரியுமே தவிர, விலை தெரியாது. “முதலில் யார் கடையில் இறக்குவது, உடைந்தால் யார் பொறுப்பு” என்ற கேள்விகளும் எழும். இறக்கும் முறையை வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஏற்றும்போதே மூட்டையில் கடைக் குறி போட்டு, எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் பாதித் தகராறு வராது. இவற்றை வாய்ப்பேச்சாக விடாமல் சங்கத்தின் முன்னிலையில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வாடிக்கையாளர் வீட்டுக்குச் சரக்கு அனுப்புவதிலும் இதே கணக்குதான். பத்து நிமிடத்தில் கொண்டு தருகிறோம் என்று செயலி வைத்திருப்பவர்கள் விளம்பரம் செய்யலாம். அவர்களைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பையனை அனுப்பினால் நமக்குக் கட்டுப்படியாகாது. காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்று நேரம் குறித்து, சொன்ன நேரத்தில் தவறாமல் போய்ச் சேர்ந்தால் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகமாட்டார்.

ரசீது இல்லாமல் வண்டி நகரக்கூடாது

வழியைச் சீர்செய்யும்போது சட்டத்தையும் கவனிக்க வேண்டும். கிடங்கு வேறு இடத்தில் இருந்தால் அதை ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்திருக்க வேண்டும். ஒரே பதிவு எண்ணுக்கு உட்பட்ட சொந்தக் கிடங்கிலிருந்து சொந்தக் கடைக்குச் சரக்கு போவது விற்பனை ஆகாது, வரி இல்லை. ஆனாலும் டெலிவரி சலான் அவசியம். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளிமாநிலத்திலிருந்து வருவதானால் 50,000 ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் வேண்டும். விற்பனை இல்லாத இடமாற்றத்துக்கும் இது பொருந்தும். காய்கறி, பழம் போன்ற சில பொருள்களுக்கு விலக்கு உண்டு. மூன்று கடைச் சரக்கு ஒரே வண்டியில் வந்தால், மூவருக்கும் தனித்தனி ரசீது ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். ஒருவரிடம் தாள் இல்லாவிட்டால் மூவர் சரக்கும் சாலையில் நிற்கும்.

அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று ஊர்க் கடைத்தெருக்களிலும் சரக்கு இறக்குவதற்கென்று இடமும் நேரமும் ஒதுக்கித் தர வேண்டும். இடமே கொடுக்காமல், சாலையில் நிறுத்தினால் அபராதம் என்பது முறையல்ல. அந்த அபராதம் கடைசியில் பொருளின் விலையில்தான் ஏறுகிறது.

அரசு செய்யட்டும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தெருவிலும் மூன்று கடைக்காரர்கள் இந்த மாதமே உட்கார்ந்து பேசலாம். பேசி முடித்ததைச் சங்கக் கூட்டத்தில் வந்து சொன்னால் மற்றவர்களுக்கும் வழி பிறக்கும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் இதைச் செய்து முடிப்போம்.