அம்மை இறங்கிப் போயிற்றா?

நம் நாட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, இரண்டொரு நாளில் உடம்பெங்கும் கொப்புளங்கள் தோன்றிவிட்டால், அதை வியாதி என்று வாயால் சொல்லக்கூட நம் ஜனங்கள் பயப்படுகிறார்கள். "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்றும், "முத்துப் போட்டிருக்கிறது" என்றும் சொல்லி, வாசலில் வேப்பிலையைச் செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, அதோடு மருந்தையும் நிறுத்தி, டாக்டர் வீட்டுப் பக்கமே தலைகாட்டாமல் இருந்துவிட்டு, பிறகு நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, "ஆத்தாள் இறங்கிவிட்டாள்" என்று கோவிலில் கூழும் ஊற்றிவிட்டு வருகிறார்கள். இத்தோடு காரியம் முடிந்தது என்பது அவர்கள் எண்ணம்.

முடியவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகின்றோம். இறங்கிவிட்டதாகச் சொல்லப்படுகிற அந்தப் பொருள் எங்கேயும் இறங்கிப் போகவில்லை. அந்தக் குழந்தையின் முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொண்டு, அது வளர்ந்து, கலியாணமாகி, பேரன் பேத்தி எடுத்துச் சாகிற வரையில் அங்கேயே குடியிருக்கிறது. மூன்று தண்ணீர் அல்ல, முந்நூறு தண்ணீர் ஊற்றினாலும் அது அசைவதில்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். பெரியம்மை வேறு, சின்னம்மை வேறு. லட்சக்கணக்கில் ஆட்களைக் கொன்றும், பிழைத்தவர்களின் கண்ணைப் பறித்தும், முகத்தைக் குழிகுழியாக்கியும் வந்த பெரியம்மை, இந்தியாவில் 1975-ஆம் வருஷத்தோடு ஒழிந்துபோயிற்று. உலகத்திலேயே அது இல்லையென்று 1980-இல் உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்துவிட்டது. ஒழித்தது அம்மை குத்தும் ஊசியே தவிர வேறல்ல. மாரியம்மன் கோவில்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பெரியம்மைதான் இல்லை. ஆகவே இன்று "ஆத்தாள்" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சின்னம்மையேயாகும். இது ஹெர்பிஸ் என்னும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நுண்கிருமியால் வருகிறது. ஒரு தடவை உடம்பில் புகுந்தால் வெளியேறாமல் ஒளிந்துகொள்வதுதான் அந்தக் குடும்பத்துக்கே உரிய குணம். சிலருக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் உதட்டோரத்தில் ஒரே இடத்தில் கொப்புளம் கிளம்புகிறதே, அதுவும் இந்தக் குடும்பத்து வேறொரு கிருமியின் வேலைதான்.

ஒளிந்திருக்கும் சின்னம்மைக் கிருமி ஐம்பது அறுபது வயதுக்குமேல் திரும்பக் கிளம்புகிறபோது, அதற்கு நம்மவர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அதுதான் அக்கி. இடுப்பிலோ, மார்பிலோ, முகத்திலோ ஒரு பக்கத்தில் மட்டும் நெருப்பை வைத்தாற்போல் எரிந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் போடும். இதற்கு வேறு பரிகாரம். மண்பாண்டம் செய்கிறவரிடம் போய்க் காவியைக் குழைத்து எழுதச் சொல்லுவார்கள். சில ஊர்களில் சிங்கத்தின் உருவத்தையும் எழுதுவதுண்டு. அம்மைக்குப் பூசாரி, அக்கிக்குக் காவி எழுதுகிறவர் என்று இரண்டு இலாக்காவாகப் பிரித்துவைத்திருக்கிறோம். ஆனால் இரண்டுக்கும் கிருமி ஒன்றே!

இது எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியில் கண்டு சொல்லவில்லை. புடாபெஸ்ட் நகரத்து டாக்டர் போக்காய் என்பவர், அக்கி கண்ட பெரியவர்கள் இருக்கிற வீட்டுக் குழந்தைகளுக்குச் சில நாட்களில் சின்னம்மை வருவதைக் கவனித்து, 1892-இல் அதை வெளியிட்டார். 1925-இல் வியன்னாவில் குண்ட்ராடிட்ஸ் என்பவர் அக்கிக் கொப்புளத்தின் நீரை எடுத்துக் குழந்தைகளுக்கே குத்தி, அவர்களுக்குச் சின்னம்மை வந்ததைக் காட்டினார். (இன்றைக்கு எந்த டாக்டரும் செய்யக்கூடாத, செய்தால் தண்டிக்கப்பட வேண்டிய காரியம் இது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) 1950-களில் அமெரிக்காவில் வெல்லர் என்பவர் இரண்டு வியாதியிலிருந்தும் கிருமியை எடுத்துச் சோதனைச் சாலையில் வளர்த்து, ஒன்றேதான் என்றார்.

இவர்கள் எல்லோரையும்விட நமக்குப் பிடித்தவர் ஹோப் சிம்ப்சன் என்பவர்தான். அவர் பெரிய கலாசாலைப் பண்டிதர் அல்ல. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறு ஊரில் ஏழை பணக்காரருக்கெல்லாம் நாடி பார்த்துவந்த ஓர் உள்ளூர் டாக்டர். பதினாறு வருஷகாலம், தம்மிடம் வந்த அக்கி நோயாளிகள் 192 பேரைப் பற்றிக் குறிப்பு எழுதிவைத்து, வயது ஏற ஏற அக்கி அதிகமாவதைக் கண்டு, "இது வெளியிலிருந்து புதிதாக ஒட்டியதல்ல, சிறுவயதில் வந்த அம்மைக் கிருமிதான் நரம்பில் படுத்திருந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் எழுந்திருக்கிறது" என்று 1965-இல் எழுதினார். 1984-இல் அமெரிக்காவில் ஸ்ட்ராஸ் என்பவரும் அவரது கூட்டாளிகளும், ஒரே ஆளுக்கு முதலில் வந்த அம்மையின் கிருமியையும் பின்னால் வந்த அக்கியின் கிருமியையும் எடுத்து, இரண்டின் மரபுப்பொருளையும் ஒத்துப் பார்த்தார்கள். ஒன்றாகவே இருந்தது. உள்ளூர் டாக்டர் கணக்கு சரியாகப் போயிற்று.

இங்கே எதிர்ப்புச் சக்தி என்பதையும் சற்றுக் கவனிக்க வேண்டும். நம் இரத்தத்தில் வெள்ளையணுக்களில் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவை ஒரு தடவை கண்ட கிருமியின் அடையாளத்தை மறப்பதில்லை. ஒளிந்திருக்கும் அம்மைக் கிருமி தலைதூக்காமல் காவல் காப்பவை இவைதான். கிழப்பருவத்தில் இந்தக் காவல் தளர்கிறது. எய்ட்ஸ் கண்டவர்களுக்கும், புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்களுக்கும் அதற்கு முன்னாலேயே தளரலாம். தளர்ந்தவுடன் கிருமி ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே தோலுக்கு வருகிறது. ஒரு நரம்பு உடம்பின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே ஓடுவதால்தான் அக்கியும் ஒரு பக்கத்தோடு நிற்கிறது. இரண்டு முனையும் இடுப்பைச் சுற்றிவந்து சேர்ந்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று கிழவிகள் பயமுறுத்துவதற்கு ஆதாரம் இல்லை.

சரி, காவி எழுதினால் குணமாகிறதே என்பார்கள். ஆகிறது, எழுதாவிட்டாலும் ஆகிறது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொப்புளங்கள் தாமாகவே காய்ந்து உதிர்ந்துவிடும். எழுதுகிறவரிடம் நமக்குக் கோபமில்லை. பெரும்பாலும் அவர் காசுக்காகச் செய்வதில்லை. அண்டை அயலாருக்கு உபகாரம் என்றே செய்கிறார். நமது சண்டை எல்லாம் வீணாகிற நாட்களைப் பற்றியதுதான். இந்தக் கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கும் அசைக்ளோவிர் என்ற மாத்திரை பல வருஷங்களாக நம் கடைகளில் கிடைக்கிறது. கொப்புளம் தோன்றி மூன்று நாளைக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், டாக்டரிடம் காட்டி ஆரம்பித்தால்தான் அதன் பலன் நன்றாக இருக்கும். நம்மவர்கள் அந்த மூன்று நாளையும் காவியில் கரைத்துவிடுகிறார்கள்.

நமது தோழர் ஒருவரின் தாயாருக்கு நெற்றியில் அக்கி கண்டது. மூக்கு நுனியிலும் இரண்டு கொப்புளம் இருந்தது. நெற்றி முழுதும் காவி பூசி, ஆறாம் நாள் கண் சிவந்து பார்வை மங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புக் கிளை போகிறபடியால், அங்கே கொப்புளம் கண்டால் கண்ணுக்கு ஆபத்து என்று லண்டன் டாக்டர் ஹட்சின்சன் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவைத்துவிட்டார். அந்த அம்மாளுக்கு ஒரு கண் இன்றுவரை சரியாகத் தெரிவதில்லை. புண் ஆறின இடத்தில் எரிச்சல் வேறு மாதக்கணக்காக நின்றது. நெற்றியில் சேலைத்தலைப்புப் பட்டால்கூடத் துடித்துப்போவார். அந்தத் தோழர் மேடையேறி மாரியம்மனைக் கண்டிப்பவர். வீட்டில் மட்டும், "அம்மா மனசு கஷ்டப்படக்கூடாது" என்று சும்மா இருந்தாராம்!

இவரைப்போல் நம்மில் அநேகர் உண்டு என்பதால்தான் சொல்லுகிறோம். குழந்தைக்கு அம்மை போட்டால் சுயமரியாதைக்காரர் வீட்டு வாசலிலும் வேப்பிலை தொங்குகிறது. வேப்பிலையோடு நமக்கு விரோதமில்லை. நோயாளியைத் தனியே வைக்கும் வழக்கமும் நல்லதே. மருந்து கொடுத்தால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்பதைத்தான் விடவேண்டும். வயதுவந்தவர்களுக்குச் சின்னம்மை கண்டால் நுரையீரலில் சன்னி கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பிணிகள் விஷயம் இன்னும் மோசம். அக்கி கண்டவர்களும், சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் புண்ணைத் தொடாதபடி மூடிவைத்துக்கொள்ள வேண்டும்.

தடுக்க வழியில்லையா என்றால், இருக்கிறது. 1964-இல் அமெரிக்காவில் தங்கியிருந்த தகஹாஷி என்ற ஜப்பானிய டாக்டரின் மூன்று வயதுப் பையனுக்குச் சின்னம்மை கடுமையாகக் கண்டது. இராவெல்லாம் பையன் பக்கத்தில் கண்விழித்திருந்த அந்தத் தகப்பன், யாருக்கும் கூழ் ஊற்ற வேண்டிக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பி ஓசாகாவில் வேலை செய்து, 1974-இல் தடுப்பூசியை வெளியிட்டார். அமெரிக்கா 1995 முதலும், ஜப்பான் 2014 முதலும் அதை எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய ஊசிகளில் சேர்த்துவிட்டன. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் டி செல்களைத் தட்டியெழுப்பி அக்கியைத் தடுக்கும் புதிய ஊசி ஒன்றும் உண்டு. 2015-இல் வெளியான சோதனையில், ஊசி போட்டவர்களிடம் அக்கி நூற்றுக்கு 97 பங்கு குறைந்தது. நம் நாட்டிலோ சர்க்காரின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சின்னம்மை ஊசி இல்லை. அக்கி ஊசியின் விலை கூலிக்காரனுக்கு எட்டாது. சமயபுரத்துக்குச் சிறப்புப் பஸ் விடுகிற சர்க்காரைப் பார்த்து, இந்த ஊசிகளை எப்பொழுது இனாமாகக் கொடுப்பீர்கள் என்று ஊர்தோறும் மகஜர் அனுப்பிக் கேட்கவேண்டாமா?

அந்தத் தோழர் இப்போது முதல் கையெழுத்துப் போடத் தயாராயிருக்கிறார். போனமாதம் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு இடுப்பில் எரிச்சல் கண்டு கொப்புளம் தெரிந்த அன்றைக்கே, காவிக்கு ஆள் அனுப்பப்போனவர்களை மறித்து, கிழவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாராம்.